அறுபத்தொரு ஓட்டு

உர்வே சாரெ எங்கள் வாரெசோயா ஊராட்சிக்குப் பத்தொன்பது வருடம் தலைவியாக இருந்தாள். அதில் பதினேழு வருடம் நான் அவளுக்குச் செயலர். ஒரே அறை, எதிரெதிர் மேசை. அவள் மூக்கைச் சுருக்கினாலே தும்மல் வரப்போகிறது என்று தெரிந்து கைக்குட்டையை நீட்டுகிற அளவுக்குப் பழக்கம். அதனால் நான் சொல்வதில் ஒருபக்கச் சார்பு இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும். அவளைப் பிடிக்காதவர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

எஸ்தோனியாவில் எங்கள் வாரெசோயா என்றால் காடு, சதுப்பு, நடுநடுவே வீடு. ஆயிரத்து நூற்று நாற்பது பேர். உர்வே சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்கிற வேலை பார்த்தவள். பண்ணை கலைந்தது, வேலை போயிற்று. இரண்டு வருடம் கழித்துக் கணவனும் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் பின்லாந்தில் வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறான், கோடையில் ஒரு வாரம் வந்து தூங்கிவிட்டுப் போவான். நாற்பத்து மூன்று வயதில் இவள் தலைவியானாள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால் ஊராட்சி ஒரு வெள்ளி ஸ்பூன் கொடுக்கும். கைப்பிடியில் ஒரு பக்கம் ஊராட்சியின் சின்னம், மறுபக்கம் குழந்தையின் பெயர். மற்ற ஊராட்சிகளில் வருடத்துக்கு ஒருநாள் எல்லாரையும் மண்டபத்துக்கு வரச்சொல்லி, பூவோடு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். உர்வே வீடு தேடிப் போவாள். ஸ்பூனைக் கொடுத்த கையோடு, பெற்றவள் சாப்பிட்டாளா, விறகு உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். எண்பது தாண்டியவர்களின் பிறந்தநாளுக்குக் கிரிங்கெல் சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். முறுக்குப் போல வளைத்துச் சுடுகிற பெரிய இனிப்பு ரொட்டி அது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் சுடுவது எப்போதும் கொஞ்சம் தீய்ந்திருக்கும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை பனிக்காலத்தில்தான். பெரிய சாலையில் விழுகிற பனியை அரசாங்கம் தள்ளிவிடும். சாலையிலிருந்து காட்டுக்குள் பிரிந்துபோய் ஒற்றை வீட்டில் முடிகிற வழிகள் எங்கள் ஊராட்சியில் பதினான்கு. அவற்றுக்குச் சட்டப்படி யாரும் பொறுப்பில்லை. உர்வே பொறுப்பேற்றாள். பனி கொட்டிய நாள்களில் காலை ஐந்து மணிக்கே எழுந்து, பனி தள்ளுகிற வண்டிக்காரனுக்குப் போன் செய்வாள்.

"முதல்ல எந்தெல் வீட்டு வழி. இன்னைக்கு அவரு ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்புறம் ஓடைக்கரை வீடு. அந்தப் பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம். மத்தது உன் இஷ்டம்."

மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் கல்மெர்.

கல்மெருக்கு ஐம்பத்திரண்டு வயது. குளிர்காலத்தில் பனிவண்டி, அதோடு பள்ளிக்கூடத்துக் கொதிகலனையும் பார்த்துக்கொள்கிற வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கடையில்கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்குவான். அவன் அம்மா இருந்தவரை அவள் பேசினாள், இவன் கேட்டான். அவள் போன பிறகு ஆறு வருடமாக அந்த வீட்டில் வானொலிதான் பேசுகிறது. அவனுக்குக் கெட்ட பெயர் கிடையாது. நல்ல பெயரும் கிடையாது. ஊரில் ஒரு கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தான், யாரும் பார்க்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தலைநகரிலிருந்து சட்டம் வந்தது. ஐயாயிரம் பேருக்குக் குறைந்த ஊராட்சி எஸ்தோனியாவில் இனி தனியாக இருக்கக்கூடாது, பக்கத்தவர்களோடு சேர வேண்டும். நாங்களும் இன்னும் இரண்டு ஊராட்சிகளும் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற லிண்ட்வெரே நகரத்தோடு சேர்ந்து ஒரே ஆட்சி என்று முடிவாயிற்று. மன்றம் அங்கே. அலுவலகம் அங்கே. எங்கள் கட்டடத்தில் வாரம் இரண்டு நாள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

கடைக்கார வைனோவுக்கு வாய் சும்மா இருக்காது. உர்வே ரொட்டி வாங்கப் போனதும் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன தலைவி, கல்யாணம் எப்போ? லிண்ட்வெரே மாப்பிள்ளை பெரிய இடமாமே."

"நம்மள யாருடா கேட்டாங்க? சட்டமே மோதிரத்தோட வாசல்ல வந்து நிக்குது."

"சீதனமா என்ன குடுக்கப் போறோம்?"

"பதினாலு வழியும், கூடவே உன்னையும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உர்வேவும் சிரித்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சைமா, அங்க மொத்தம் இருபத்தொரு பேரு உக்காரப் போறாங்க" என்றாள் என்னிடம். "அதுல ஒருத்தியா நான் இருந்துட்டாப் போதும். இந்த வழிய எல்லாம் பட்டியல்ல ஏத்திருவேன். எந்தெல் வீடு எங்க இருக்குன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் சரி என்றேன். கொஞ்சதூரம் நடந்த பிறகு, வேறு எதையோ சொல்வதுபோல் சொன்னாள். "எனக்கும்தான் வேற என்ன தெரியும்? பாலைச் சோதிக்கத் தெரியும். அதுக்கு இப்போ மெஷின் வந்துருச்சு."

அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத் தலைவர்கள் எல்லாருக்கும் ஒரு ஜுரம் வந்தது. ஊராட்சியின் பெயர் மறைவதற்குள் எதையாவது நட்டுவைத்துவிட வேண்டும் என்கிற ஜுரம். ஒரு ஊராட்சி, முயல் மட்டும் போய்வருகிற காட்டுப் பாதைக்கு விளக்குக் கம்பம் போட்டது. இன்னொன்று ஏரிக்கரையில் மேடை கட்டியது. அதில் ஏறிப் பாட அந்த ஊரில் ஆளில்லை. லிண்ட்வெரே நகரத் தலைவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காதவர், திடீரென்று எங்கள் அறுவடை விழாவுக்கு வந்து, உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். உர்வேவுக்கும் அந்த ஜுரம் தொற்றாமல் இல்லை. யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பிறக்காத குழந்தைகளுக்கும் சேர்த்துப் பதினோரு ஸ்பூன் வரவழைத்தாள்.

"பேரு தெரியாம எப்படிப் பொறிக்கறது?" என்றேன்.

"பேரை அவங்க பொறிச்சுக்கட்டும். சின்னம் நம்மளோடதா இருந்தாப் போதும்."

தேர்தல் அக்டோபர் நடுவில். எங்கள் முறை சுலபமானது. ஒவ்வொரு ஊரும் ஒரு பட்டியல் போடலாம். வாக்காளர் தனக்குப் பிடித்த ஒரே ஒருவரின் எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். பட்டியலுக்கு மொத்தம் எத்தனை ஓட்டு என்று பார்த்து இத்தனை இடம் என்று தருவார்கள். அந்த இடம், பட்டியலுக்குள் யார் அதிகம் வாங்கினாரோ அவருக்கு. முன்பெல்லாம் எங்கள் ஊராட்சி மன்றத்துக்கே ஒன்பது பேர். நிற்பதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். நின்றவன் அநேகமாக உள்ளே போய்விடுவான். இந்தத் தடவை அப்படி இல்லை, ஓரிரு இடம் கிடைத்தாலே அதிகம் என்று எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்னோம். தலையை ஆட்டினார்கள். யார் மண்டையிலும் ஏறவில்லை, என் மண்டை உட்பட.

எங்கள் ஊர்க்காரர்களிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, தனக்காக ஓட்டுக் கேட்பது அசிங்கம், தனக்குத் தானே போட்டுக்கொள்வது அதைவிட அசிங்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் செய்ய மாட்டோம். இரண்டாவது, அந்த எயினோ விஷயத்துக்குப் பிறகு வந்தது. எயினோ எங்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தேர்தலில் நின்றார். முட்டை. ஒரு ஓட்டுகூட இல்லை. பெண்டாட்டிகூடப் போடவில்லை என்று வாரெசோயா ஒரு வருடம் சிரித்தது. அடுத்த கோடையில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு, யார் நின்றாலும் முட்டை மட்டும் விழக்கூடாது.

எங்கள் பட்டியலில் எட்டுப் பெயர் சேர்ந்துவிட்டது. ஒன்பது இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும் என்று உர்வே நினைத்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறைக்குப் போனாள். கல்மெர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

"பேரு மட்டும் குடு கல்மெர். நீ ஜெயிக்க மாட்ட, பயப்படாத."

அவன் நெடுநேரம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "முட்டை விழுந்தா?" என்றான்.

"விழாது. அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். அதுதான் வினையாயிற்று. அந்த ஒரு மாதத்தில் அவள் போன வீடுகளிலெல்லாம், கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே பேச்சு: "கல்மெரை மறந்துறாதீங்க. பாவம், தனி ஆளு. முட்டை விழுந்தா தாங்க மாட்டான்." தனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு வேறு யாராவது கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம். அவளுக்குப் போய் ஓட்டுக் கேட்பதா, சூரியனுக்கு டார்ச் அடிக்கிற மாதிரி என்று சும்மா இருந்துவிட்டேன்.

தேர்தல் நாளன்று மழை. ஊர் மண்டபத்தில் வாக்குச்சாவடி, நான்தான் பொறுப்பு. சுவரில் நூற்றைம்பது பெயருக்கு மேல் ஒட்டியிருந்தது. வந்தவர்கள் அதன் முன் நின்று லிண்ட்வெரே பெயர்களைப் படித்து உதட்டைப் பிதுக்கினார்கள். "இவங்கள்லாம் யாரு?" என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார். கடைசியில் கண்ணுக்குத் தெரிந்த எங்கள் ஒன்பது பெயரிடம் வந்து நின்று, நிம்மதியாக மூச்சுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்கள்.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு எண்ண உட்கார்ந்தோம். நான், நூலகர் ஹில்யா, இன்னும் மூன்று பேர். சீட்டுகளை எண் வாரியாக அடுக்கினோம். உர்வேவின் எண் 141. கல்மெருடையது 147. கல்மெருக்கு முதல் ஐந்து வந்தபோது ஹில்யா சிரித்தாள். "அப்பாடா, முட்டை இல்ல." இருபதைத் தாண்டியபோது யாரும் சிரிக்கவில்லை. நாற்பதானபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேருக்கும் தெரியும், அவரவர் அன்று காலை எந்த எண்ணை எழுதினோம் என்று.

ஆமாம், நானும்தான். இதை எழுதுகிறபோதும் காது சுடுகிறது. உர்வேவுக்கு நூறு பேர் போடுவார்கள், இந்த மனிதனுக்கு ஒன்றாவது விழட்டும் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை கணினி வழியாகப் போட்ட ஓட்டுகளும் சேர்ந்து முடிவு வந்தது. எங்கள் பட்டியலுக்கு ஓர் இடம். கல்மெர் அறுபத்தொன்று. உர்வே அறுபது.

அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியாத்தான் எண்ணுனீங்களா?"

"மூணு தடவ."

அவள் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பை. "போன தடவ நூத்தித் தொண்ணூறு" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "இப்போ அறுபது. இத்தனை பேருக்கு நான் அலுத்துப்போனது எனக்கே தெரியல பாரு."

"ஐயோ, அப்படி இல்ல உர்வே. நீ எப்படியும் வந்துருவேன்னு எல்லாரும்..."

"தோத்தவங்க எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவாங்க. எயினோகிட்ட நானே சொல்லியிருக்கேன்."

என் ஓட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோழை நான். வேறு என்ன சொல்ல.

விஷயம் மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அதற்குப் பதில் ஜாடி கொண்டுவருவார்கள். அன்று மாலை உர்வே வீட்டுக் கதவுப் பிடியில் ஊறுகாய் வெள்ளரி ஒரு பை தொங்கியது. மறுநாள் உப்புக் காளான், ஆப்பிள் கூழ், புகையில் வாட்டிய மீன். மூன்றாம் நாள் படியில் கால் வைக்க இடமில்லை. யார் வைத்தது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம், மூடியைப் பார்த்தாலே யார் வீட்டு ஜாடி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, "ஓ, இவங்களுமா" என்று சொல்லி உள்ளே வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வைனோ மட்டும் நேரில் வந்தான். தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"சிங்கத்துக்கு யாராவது சோறு ஊட்டுவாங்களா உர்வே? நீயா சாப்ட்டுக்குவேன்னு இருந்துட்டோம்."

"சிங்கம் பட்டினிடா, வைனோ" என்றாள் அவள்.

அவன் அழுதுவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் பதில் சொல்லாமல் போனது அன்று ஒருநாள்தான்.

புதன்கிழமை கல்மெர் அலுவலகத்துக்கு வந்தான். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நாலாய் மடித்த தாளை உர்வேவின் மேசையில் வைத்தான். "எனக்கு வேண்டாம். அடுத்தது நீங்கதான்."

விதி அப்படித்தான். ஜெயித்தவர் எழுதிக் கொடுத்து விலகினால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போகும். முதல் கூட்டத்துக்கு முன் அந்தத் தாள் லிண்ட்வெரே போய்ச் சேர வேண்டும். ஒன்பது நாள் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். உர்வே தாளைத் தொடவில்லை.

"உனக்குச் சந்தோஷமா இல்லையா, கல்மெர்?"

அவன் யோசித்தான். அவனுக்கு அவசரமே கிடையாது. "அறுபத்தொரு பேரு" என்றான். "எனக்கு அவ்வளவு பேரத் தெரியவே தெரியாது. என்னை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு தரையைப் பார்த்து, "ஆனா எனக்குப் பேச வராது. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"குடு. இப்பவே அனுப்பிடறேன்" என்று கையை நீட்டினேன். உர்வே தாளை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது நாளும் அது பையிலேயே இருந்தது. நான் தினமும் கேட்டேன். "நாளைக்கு" என்றாள். திட்டினேன். "நாளைக்குன்னேன்ல" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் பரவாயில்லை, சொல்லவும் இல்லை. அவள் கை அடிக்கடி பைக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கு அந்த இடம் வேண்டும். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஊருக்கும் அதுதான் வேண்டும். நினைத்தபடி நடக்காததைச் சரிசெய்ய ஒரு தாள் கிடைத்திருக்கிறது, அனுப்பிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏழாவது நாள் கொதிகலன் அறைப் பக்கம் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் கை பைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் எங்கள் அலுவலகத்துக்கும் கடைசி நாள். நான் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். லிண்ட்வெரேக்காரர்கள் மூன்று மணிக்கு வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் நாற்காலியில் கோட்டுப் போட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

"சைமா, நீ யாருக்குப் போட்ட?"

எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தேன். "கல்மெருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன், விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் முகம் முதலில் சுருங்கி, பிறகு அகன்று, கடைசியில் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"நீயுமா! பதினேழு வருஷம் என் காபியக் குடிச்சுட்டு!"

"நீதானடி வீடு வீடாப் போய்ச் சொன்ன, மறந்துறாதீங்கன்னு! உன் பேச்ச நாங்க எப்போ தட்டினோம்?"

"அதுவும் சரிதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அவனுக்குத்தான் போட்டேன்."

அவள் வேறொருவருக்குப் போட்டிருப்பாள் என்று தெரியும். தன் பெயரைத் தானே எழுதியிருக்க மாட்டாள். ஆனால் ஒரே ஒரு ஓட்டில் போயிருக்கிறதே. அந்தப் பக்கம் ஒன்று குறைந்து இந்தப் பக்கம் ஒன்று கூடியிருந்தால்?

"அத நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்றாள், நான் கேட்காமலே. "அறுபத்தொரு பேருமே அப்படிக் கணக்குப் போட்டுட்டு ஜாடிய எடுத்துட்டு வந்தவங்கதான்."

பையிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்புகள் கசங்கியிருந்தன.

"அங்க போயிருந்தேன்ல, கொதிகலன் ரூமுக்கு. பேப்பர்ல முடிவு வந்துச்சே, அத வெட்டி அழுத்தமானிக்கு மேல ஒட்டி வெச்சிருக்கான். அவன் பேருக்குக் கீழ அடிக்கோடுகூடப் போடல. சும்மா ஒட்டி வெச்சிருக்கான். நான் உள்ள வந்தது தெரியாம அதப் பாத்துட்டே நின்னான், சைமா. இந்தத் தாள அனுப்பினா அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? ஊரே சேர்ந்து பாவம் பாத்தோம், நீ நெசம்னு நெனச்சுட்டியேன்னா?"

"அவனேதானே எழுதிக் குடுத்தான்?"

"எனக்காகக் குடுத்தான். அவனுக்காக இல்ல."

"உனக்கு வேணும்ல உர்வே?" என்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. "உனக்கு வேணும். பொய் சொல்லாத."

"வேணும்" என்றாள். "ரொம்ப வேணும்." சொல்லிவிட்டுத் தாளை நாலாய், எட்டாய்க் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். குப்பைக்கூடையை நான் ஏற்கெனவே பெட்டியில் கட்டிவிட்டிருந்தேன்.

முதல் கூட்டத்துக்குக் கல்மெரை அவளே காரில் கூட்டிப்போனாள். பின்சீட்டில் நான். இருபத்தெட்டு கிலோமீட்டரும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் அவள் பக்கம் திரும்பி, "நெஜமாவே நான் போகவா?" என்றான். "போ. கழுத்துப்பட்டன் போடு" என்றாள் உர்வே.

நாங்கள் இருவரும் சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தோம். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. போன மாதம்வரை அந்தக் கட்டடத்தில் அவள் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். இப்போது ஒரு பையன் வந்து, கோட்டை வெளியே மாட்டிவிட்டு வரச்சொன்னான்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். மரக்கம்பெனி நடத்துகிறவர், பள்ளி முதல்வர், கட்சிக்காரர்கள். ஒருவர் தன் பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பதினேழாவதாகக் கல்மெர். எழுந்தான். தொப்பி கையில் இல்லாததால் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடம் காத்திருந்தது. இன்னும் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். உர்வே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

"பேரு மட்டும் சொன்னாப் போதுங்க" என்றார் தலைமையில் இருந்தவர்.

"கல்மெர். வாரெசோயா" என்றான். "அறுபத்தொரு பேரு என்ன அனுப்பியிருக்காங்க."

உட்கார்ந்தான். அடுத்தவர் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் இவன் மறுபடி எழுந்தான். "பதினாலு வழி இருக்கு. ஒவ்வொண்ணோட கடைசியிலயும் ஆளு இருக்காங்க. பனி விழறதுக்குள்ள அதப் பத்திப் பேசணும். நான் பேசுவேன்." காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. இந்தத் தடவை உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. தலைமையில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் லிண்ட்வெரே அம்மா ஒருத்தி, நல்ல கம்பளிச் சால்வை போட்டவள், உர்வே பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"யாருங்க அவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

உர்வேவின் கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம், பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் ஓட்டுப் போட்டது அவருக்குத்தாங்க."